விஷக் காற்றைத் தானே சுவாசித்துப் பார்த்த டாக்டர்

1895-ம் ஆண்டு ஜுலை 1-ந் தேதி. லண்டனுக்குக் கிழக்கே உள்ள ஈஸ்ட் ஹாம் என்ற ஊர். சாக்கடைத் தண்ணீரைப் பம்ப் வைத்து இறைக்கும் நிலையம் ஒன்று அங்கே இருந்தது.

அந்த நிலையத்துத் தொழிலாளி ஒருவர் சாக்கடைக் கிணற்றுக்குள் இறங்கினார். இறங்கியவர் மயங்கி விழுந்தார்.

அவரைக் காப்பாற்ற இன்னொருவர் இறங்கினார். அவரும் விழுந்தார். அந்த இருவரையும் தூக்குவதற்கு அடுத்தவர் போனார். பிறகு ஒருவர். அதற்குப் பிறகும் ஒருவர்.

மொத்தம் 5 பேர் பலி. இவர்களில் வேலைக்காக இறங்கியவர் ஒருவர்தான். மற்ற 4 பேரும் காப்பாற்றப் போனவர்கள்!

லண்டனில் போஸ்ட்மேன்ஸ் பார்க் என்று ஒரு சிறிய பூங்கா இருக்கிறது. பிறர் உயிரைக் காக்கப் போய்த் தங்கள் உயிரை விட்ட ஏழை எளியவர்களின் பெயர்களை ஓடுகளில் எழுதிப் பதித்த சுவர் ஒன்று அங்கே உண்டு. வாட்ஸ் என்ற ஓவியர் 1900-ம் ஆண்டு ஏற்படுத்திய நினைவிடம் அது. மில்ஸ், ரட்டர், டுரான்ட், ஜோன்ஸ் ஆகிய அந்த 4 பேரின் பெயர்களும் அதில் இருக்கின்றன.

அவர்கள் வீரர்கள்தான். ஆனால் அவர்களைக் கொன்றது எது? கத்தியா, நெருப்பா, வெள்ளமா? ஒன்றும் இல்லை. கண்ணுக்குத் தெரியாத காற்று!

அந்தக் காற்று எது என்று ஆராய்ந்து சொன்னவர் ஜான் ஸ்காட் ஹால்டேன். அப்போது அவருக்கு வயது 35.

சீமான் வீட்டுப் பிள்ளை

ஹால்டேன் 1860-ம் ஆண்டு மே 2-ந் தேதி ஸ்காட்லாந்தின் தலைநகரான எடின்பரோவில் பிறந்தார். தந்தை வக்கீல். பழைய சீமான் குடும்பம். அண்ணன் ரிச்சர்டு பிற்காலத்தில் இங்கிலாந்தின் யுத்த மந்திரியாகவும், பிறகு சட்டத்துறையின் மிக உயர்ந்த பதவியான லார்டு சான்சலராகவும் இருந்தவர்.

ஹால்டேன் 1884-ம் ஆண்டு எடின்பரோ பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் பெற்றார். நினைத்திருந்தால் நல்ல தெருவில் வீடு பிடித்து, பணக்காரர்களுக்கு நாடி பார்த்துக்கொண்டு சுகமாக இருந்திருக்கலாம். அவர் அப்படிச் செய்யவில்லை. டண்டி என்ற ஊருக்கு வேலைக்குப் போனார்.

டண்டி சணல் ஆலைகள் நிறைந்த ஊர். வங்காளத்தில் விளைந்த சணல்தான் கப்பலேறி அங்கே போய்ச் சாக்காக மாறியது. ஆலைத் தொழிலாளர்கள் ஒற்றை அறை வீடுகளில் குடும்பம் குடும்பமாக அடைந்து கிடந்தார்கள்.

அந்த ஊர்க் கல்லூரியில் கார்னெலி என்ற ரசாயனப் பேராசிரியர் இருந்தார். அவரும் ஹால்டேனும் கண்ணாடிப் பாத்திரங்களை எடுத்துக்கொண்டு நடுநிசியில் அந்த வீடுகளின் கதவைத் தட்டினார்கள். எல்லோரும் படுத்துத் தூங்கும் நேரத்தில் அறைக்குள் இருக்கும் காற்றைப் பிடித்துக்கொண்டு போய்ச் சோதித்தார்கள். பகலில் போனால் கதவு திறந்திருக்கும். உண்மை தெரியாது அல்லவா?

வீட்டுக் காற்றோடு அவர்கள் நிற்கவில்லை. பாதாள சாக்கடைக்குள்ளும் இறங்கினார்கள். டண்டியில் இறங்கினார்கள், லண்டனில் பாராளுமன்ற மாளிகைக்கு அடியில் ஓடும் சாக்கடையிலும் இறங்கினார்கள். சாக்கடைக் காற்றில் நோய்க் கிருமிகள் மொய்த்துக் கிடக்கும் என்று அந்தக் காலத்து டாக்டர்கள் நம்பி இருந்தார்கள். சோதித்துப் பார்த்ததில், காற்றோட்டம் உள்ள சாக்கடையின் காற்றில் இருந்த கிருமிகள் தொழிலாளியின் ஒற்றை அறைக் காற்றில் இருந்ததைவிடக் குறைவு என்று தெரிந்தது. இந்த முடிவுகள் 1887-ம் ஆண்டு வெளியாயின.

சாக்கடையில் ஆபத்து கிருமியில் இல்லை என்றால், வேறு எதில்?

பெட்டிக்குள் ஹால்டேன்

1887-ம் ஆண்டு ஹால்டேன் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தில் வேலைக்குச் சேர்ந்தார். அங்கே அவர் செய்த முதல் பெரிய சோதனை விசித்திரமானது. காற்றுப் புகாத ஒரு மரப் பெட்டியைச் செய்தார். ஏறக்குறைய சவப்பெட்டி மாதிரி. அதற்குள் ஓர் ஆள் உட்காரலாம். அதில் அவரே போய் உட்கார்ந்து கொண்டார்! லொரைன் ஸ்மித் என்ற இன்னொரு டாக்டரும் முறை வைத்து உட்கார்ந்தார். மணிக்கணக்கில் இருந்தார்கள்.

நேரம் ஆக ஆக மூச்சு வாங்கியது. தலை வலித்தது. மனிதன் வெளியே விடும் கரியமில வாயு பெட்டிக்குள் பெருகியதுதான் காரணம்.

பிறகு அந்தக் கரியமில வாயுவை உறிஞ்சிவிடும் மருந்தைப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டு சோதித்தார்கள். இப்போது பெட்டியில் பிராணவாயு மட்டும் குறைந்துகொண்டே வந்தது. என்ன ஆச்சரியம்! முன்போல மூச்சு வாங்கவில்லை. ஆபத்து நெருங்கி வந்தும் உடம்பு எச்சரிக்கை கொடுக்கவில்லை.

இது சாதாரண விஷயம் அல்ல. மூச்சுத் திணறினால் வெளியே ஓடி வந்துவிடலாம் என்று நினைத்துக்கொண்டுதான் பலர் மூடிக் கிடந்த தொட்டிக்குள் இறங்குகிறார்கள். பிராணவாயு குறைந்த இடத்தில் திணறல் வருவதற்கு முன்பே அறிவு மங்கிவிடும். கால் ஓடாது.

பல மாதம் மூடிக் கிடந்த கப்பல் டேங்கில் விஷம் எதுவும் இருக்க வேண்டியது இல்லை. உள்ளே இரும்பு துருப்பிடித்திருந்தால் போதும். துரு ஏறுவதற்குக் காற்றிலுள்ள பிராணவாயுவை இரும்பு எடுத்துக்கொள்ளும். பார்ப்பதற்கு டேங்க் காலியாக, சுத்தமாக இருக்கும். இறங்கியவர் ஏற மாட்டார்.

அழுகிய முட்டை நாற்றம்

இந்த அனுபவத்தோடுதான் ஹால்டேன் ஈஸ்ட் ஹாம் விபத்தை ஆராய்ந்தார். 5 பேரைக் கொன்றது ஹைட்ரஜன் சல்பைடு என்ற வாயு என்று முடிவு சொன்னார்.

மும்பையில் கட்டர் என்றும், தமிழ்நாட்டில் பாதாள சாக்கடை என்றும் சொல்லப்படும் இடங்களில் இன்றும் ஆளைக் கொல்வதில் முதல் குற்றவாளி இந்த வாயுதான். செப்டிக் டேங்க், தோல் பதனிடும் ஆலையின் கழிவுத் தொட்டி போன்ற இடங்களிலும் இது உண்டாகும். காற்றில்லாமல் கழிவு அழுகினால் இந்த வாயு பிறக்கும்.

இதன் குணம் வஞ்சகமானது. கொஞ்சமாக இருக்கும்போது அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். 10 லட்சம் பங்கு காற்றில் சுமார் 100 பங்கு அளவுக்கு அதிகமானால், சில நிமிடங்களில் மூக்கு மரத்துப் போகும். நாற்றம் போய்விட்டது, இனி பயமில்லை என்று தொழிலாளி நினைப்பார். உண்மையில் அப்போதுதான் ஆபத்து உச்சத்துக்கு வந்திருக்கும். 1,000 பங்கு அளவை எட்டினால் ஓரிரு மூச்சிலேயே ஆள் சாய்ந்துவிடுவார்.

இன்னொரு விஷயம். தேங்கிக் கிடக்கும் கழிவுக்குள் இந்த வாயு கரைந்து கிடக்கும். கலக்காத வரை பெரும்பாலும் உள்ளேயே அடங்கி இருக்கும். ஆள் இறங்கிக் காலை வைத்தாலும், கோலால் குத்தினாலும் குபீரென்று வெளியே வரும். மூடியைத் திறந்து மேலிருந்து சோதித்தபோது நன்றாக இருந்த காற்று, வேலை தொடங்கிய 2-வது நிமிடத்தில் விஷமாவது இதனால்தான். ஆகவே ஒரு முறை சோதித்தால் போதாது. வேலை முடிகிற வரை சோதித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

அந்தக் காலத்தில் கிணற்றிலோ தொட்டியிலோ இறங்குவதற்கு முன் விளக்கைக் கயிற்றில் கட்டி இறக்கிப் பார்ப்பது வழக்கம். விளக்கு எரிந்தால் இறங்கலாம். அணைந்தால் இறங்கக் கூடாது. நம் கிராமங்களிலும் கிணறு தூர் வாருகிறவர்கள் இப்படிச் செய்தது உண்டு.

ஹால்டேன் இந்த விளக்குச் சோதனையையும் அளந்து பார்த்தார். நல்ல காற்றில் 100-க்கு 21 பங்கு பிராணவாயு இருக்கிறது. அது 17 பங்கு அளவுக்கு இறங்கியதும் மெழுகுவர்த்தி அணைந்துவிடும். ஆகவே, பிராணவாயு குறைவை விளக்கு சொல்லும். ஆனால் விஷ வாயுவை அது சொல்லாது. ஆளைக் கொல்லும் அளவுக்கு ஹைட்ரஜன் சல்பைடு இருக்கும் இடத்திலும் விளக்கு நன்றாகவே எரியும். போதாக்குறைக்கு, எரியும் வாயு தேங்கி இருந்தால் விளக்கே அதை வெடிக்க வைத்துவிடும்.

விளக்கு எரிகிறது என்று நம்பி இறங்கிச் செத்தவர்கள் எத்தனை பேரோ!

எலியும் டாக்டரும்

அதே 1895-ம் ஆண்டு ஹால்டேன் இன்னொரு விஷ வாயுவைக் கையில் எடுத்தார். அதன் பெயர் கார்பன் மோனாக்சைடு. கரி அரைகுறையாக எரிந்தால் உண்டாவது. இதற்கு நாற்றமே கிடையாது. நிறமும் கிடையாது.

வடநாட்டுக் குளிரில் கதவு, ஜன்னலைச் சாத்திக்கொண்டு அறைக்குள் அங்கீட்டி மூட்டிப் படுக்கிறவர்கள் காலையில் எழுந்திருக்காமல் போவது இந்த வாயுவால்தான். டில்லியில் குடியிருக்கும் தமிழர்களுக்கு இது தெரியாத செய்தி அல்ல.

நிலக்கரிச் சுரங்கத்தில் வெடி விபத்து நடந்த பிறகு இந்த வாயு சுரங்கம் முழுவதும் பரவும். அது மனிதனை எப்படிக் கொல்கிறது என்று தெரிய வேண்டும். யாரை வைத்துச் சோதிப்பது? ஹால்டேன் வேறு ஆளைத் தேடவில்லை. தானே அந்த வாயு கலந்த காற்றைக் குழாய் வழியாகச் சுவாசித்தார். அவ்வப்போது தன் விரலைக் குத்தி ஒரு சொட்டு இரத்தம் எடுத்துச் சோதித்தார். என்னென்ன செய்கிறது என்று எழுதிக்கொண்டே வந்தார்.

இரத்தத்தில் பிராணவாயுவைச் சுமந்து செல்லும் சிவப்புப் பொருள் ஒன்று இருக்கிறது. பிராணவாயுவை அது பிடித்துக்கொள்வதைவிட 200 மடங்குக்கும் அதிகமான பலத்தோடு கார்பன் மோனாக்சைடைப் பிடித்துக்கொள்ளும். இடம் பிடித்த விருந்தாளி எழுந்திருக்க மறுத்தால் வீட்டுக்காரன் தெருவில் நிற்க வேண்டியதுதான். பிராணவாயுவின் கதி அதுவே.

ஒரு சோதனையில் ஹால்டேனின் இரத்தத்தில் பாதிக்கு மேல் இந்த விஷம் ஏறிவிட்டது. அவரால் நடக்க முடியவில்லை. பார்வை மங்கியது. அப்போதுதான் நிறுத்தினார்.

சும்மா உட்கார்ந்திருக்கும் வரை ஒன்றும் தெரியவில்லை. எழுந்து இரண்டடி வைத்ததும் முழங்கால் மடிந்தது. சுரங்கத்தில் தப்பி ஓடப் பார்த்தவர்கள் பாதி வழியில் விழுந்து கிடந்ததற்குக் காரணம் இதிலிருந்து விளங்கியது. குடித்தவனைப் போல ஒரு தைரியமும் வருகிறது என்பதையும் குறித்து வைத்தார்.

அவர் பக்கத்தில் ஒரு சுண்டெலியும் அதே காற்றைச் சுவாசித்துக்கொண்டிருந்தது. ஹால்டேனுக்கு ஒன்றும் தெரியாத நேரத்திலேயே எலி சுருண்டு படுத்துவிட்டது! சிறிய உடம்பு, வேகமான மூச்சு. மனிதனைவிடச் சுமார் 20 மடங்கு வேகத்தில் எலி பிராணவாயுவைச் செலவழிக்கிறது. அதனால் விஷமும் சீக்கிரம் ஏறுகிறது.

ஹால்டேனுக்குப் பொறி தட்டியது. மனிதனுக்கு முன்னால் எலி அறிந்துகொள்கிறது என்றால், எலியைக் கையோடு கொண்டு போனால் என்ன?

சுரங்கத்தில் 57 பிணங்கள்

அடுத்த ஆண்டே அதற்கு வேளை வந்துவிட்டது. 1896-ம் ஆண்டு ஜனவரி 27-ந் தேதி தெற்கு வேல்ஸ் பகுதியில் டைலர்ஸ்டவுன் என்ற ஊரின் நிலக்கரிச் சுரங்கம் வெடித்தது. 57 பேர் இறந்தார்கள். ஹால்டேன் உடனே அங்கே போனார்.

வெடியில் சிக்கி, எரிந்து செத்திருப்பார்கள் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். ஹால்டேன் பிணங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். பல உடல்களின் தோல், உயிரோடு இருப்பவர்களைப் போல இளஞ்சிவப்பாக இருந்தது. கார்பன் மோனாக்சைடு ஏறிய இரத்தத்தின் நிறம் அது. இறந்தவர்களில் பெரும்பாலோரை வெடி கொல்லவில்லை; வெடித்த பிறகு பரவிய காற்றுதான் கொன்றது என்று அரசாங்கத்துக்கு அறிக்கை கொடுத்தார்.

வெடியில் சாகிறவனை யாரும் காப்பாற்ற முடியாது. காற்றில் சாகிறவனைக் காப்பாற்ற வழி உண்டு. இந்த வேறுபாடுதான் அந்த அறிக்கையின் உயிர்நாடி.

சுரங்கத்தில் இறங்கும் மீட்புப் படையினர் எலியையோ, சிறிய பறவையையோ கூண்டில் வைத்துக் கொண்டு போக வேண்டும் என்று அவர் யோசனை சொன்னார். எலியைவிடக் கேனரி என்ற மஞ்சள் பாட்டுக் குருவி நல்லது என்று அனுபவத்தில் தெரிந்தது. எலி சுருண்டு படுத்தால் அது தூங்குகிறதா, மயங்கிவிட்டதா என்று சந்தேகம் வரும். குருவி கம்பியில் உட்கார்ந்திருக்கும். விஷம் ஏறினால் ஆடும். பிறகு பொத்தென்று விழும். மங்கலான விளக்கிலும் அது தெரியும்.

குருவி சாக வேண்டும் என்பது இல்லை. பிற்பாடு வந்த கூண்டுகளில் சிறிய பிராணவாயு சிலிண்டர் ஒன்றும் பொருத்தி இருந்தார்கள். குருவி விழுந்ததும் கூண்டின் கதவை மூடிப் பிராணவாயுவைத் திறந்தால் பிழைத்துக்கொள்ளும். 1911-ம் ஆண்டு முதல் பிரிட்டிஷ் சுரங்கங்களில் கேனரிகள் முறையாக இடம் பிடித்தன. சுரங்கத் தொழிலாளிகள் அவற்றிடம் விசில் அடித்துப் பேசுவார்கள்; வீட்டுப் பிள்ளை மாதிரி வளர்த்தார்கள். 1986-ம் ஆண்டு மின்சாரக் கருவிகள் வந்து அவற்றுக்கு ஓய்வு கொடுக்கும் வரை, கேனரிகள் பிரிட்டிஷ் சுரங்கங்களில் வேலை பார்த்தன.

மகனுக்கு ஒரு பாடம்

ஹால்டேனுக்கு 1891-ம் ஆண்டு திருமணம் நடந்தது. மனைவி பெயர் லூயிசா கேத்லீன். மகன் ஜாக் 1892-ம் ஆண்டிலும், மகள் நவோமி 1897-ம் ஆண்டிலும் பிறந்தார்கள். நவோமி பிற்காலத்தில் பெயர் பெற்ற எழுத்தாளர் ஆனார்.

ஹால்டேன் ஞாபக மறதிக்காரர். ஒரு முறை வீட்டில் விருந்தாளிகள் காத்திருக்க, உடை மாற்ற மாடிக்குப் போனாராம். வெகு நேரம் வரவில்லை. போய்ப் பார்த்தால் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தார். சட்டையைக் கழற்றியதும் தூங்கும் வேளை என்று நினைத்துவிட்டார் என்று வீட்டார் கதை சொல்வார்கள்.

ஆனால் காற்று விஷயத்தில் மறதி கிடையாது. ஜாக் சிறுவனாக இருந்தபோதே அவனைச் சுரங்கத்துக்குள் கூட்டிப் போனார். மீத்தேன் வாயு தேங்கி இருந்த ஓர் இடத்தில் அவனை எழுந்து நிற்கச் சொல்லி, ஷேக்ஸ்பியரின் ஜுலியஸ் சீசர் நாடகத்தில் வரும் ஆன்டனியின் பேச்சை ஒப்பிக்கச் சொன்னார். பையன் சில வரிகள் சொல்வதற்குள் மூச்சு இரைத்தது. கால் துவண்டு தரையில் விழுந்தான். தரையில் விழுந்ததும் மூச்சு சரியாகிவிட்டது!

மீத்தேன் காற்றைவிட லேசானது, கூரையில் தேங்கும். கரியமில வாயு கனமானது, தரையில் தேங்கும். ஒரே அறையில் தலைமட்டத்தில் ஒரு காற்று, கால்மட்டத்தில் வேறு காற்று. இந்தப் பாடத்தை எந்தப் பள்ளிக்கூடத்திலும் அப்படிச் சொல்லிக் கொடுக்க முடியாது. பெற்ற பிள்ளையை அப்படிச் சோதிக்கலாமா என்று தாய்மார்கள் கேட்பார்கள். நியாயமான கேள்விதான்.

இன்று டேங்கையோ சாக்கடையையோ சோதிப்பவர்கள் கருவியின் குழாயைக் கயிற்றில் இறக்கி மேல், நடு, அடி என்று மூன்று மட்டத்திலும் பார்ப்பது இந்தக் காரணத்தால்தான். சோதிப்பதற்கு முன்னால் வேறு வேலையும் இருக்கிறது. உள்ளே வரும் குழாய்களை அடைக்க வேண்டும். வால்வை மூடினால் மட்டும் போதாது; குழாயின் இணைப்பில் தகடு வைத்து முடுக்க வேண்டும். தொட்டியைக் காலி செய்து கழுவ வேண்டும். எல்லா மூடிகளையும் திறந்து, புளோயர் வைத்து வெளிக்காற்றை உள்ளே செலுத்த வேண்டும். சில இடங்களில் பிராணவாயு சிலிண்டரைத் தொட்டிக்குள் திறந்துவிடுகிறார்கள். அது மகா ஆபத்து. பிராணவாயு அதிகமான இடத்தில் ஒரு சிறிய பொறி விழுந்தாலும் போட்டிருக்கும் சட்டையே பற்றிக்கொண்டு எரியும்.

ரெயில், கடல், யுத்தம்

1897-ம் ஆண்டு லண்டன் நகரின் பூமிக்கடி ரெயில் பாதையில் காற்றைச் சோதிக்கும் பொறுப்பு ஹால்டேனுக்கு வந்தது. அப்போது அங்கே ஓடியவை நீராவி எஞ்சின்கள். சுரங்கப் பாதை முழுவதும் புகை. பெட்டியில் உட்கார்ந்தபடியே போகிற வழியில் காற்றைப் பிடித்துச் சோதித்து அறிக்கை கொடுத்தார். 1905-ம் ஆண்டில் அந்தப் பாதைக்கு மின்சார ரெயில் வந்தது.

அதே 1905-ல் அவர் இன்னொன்றையும் சொன்னார். ஆழச் சுரங்கத்தில் வெப்பத்தை மட்டும் அளந்தால் போதாது. ஈரத்துணி சுற்றிய வெப்பமானியைப் பார்க்க வேண்டும். அதில் 31 டிகிரி சென்டிகிரேடைத் தாண்டினால், காற்றோட்டம் இல்லாத இடத்தில் தொடர்ந்து வேலை செய்ய மனித உடம்பால் முடியாது என்றார். மும்பையிலும் சென்னையிலும் பாய்லருக்குள் இறங்கி வேலை பார்த்தவர்களுக்கு இதன் அர்த்தம் புரியும்.

கடலில் மூழ்கி வேலை செய்கிறவர்கள் மேலே வந்ததும் மூட்டு வலியால் துடிப்பார்கள். சிலர் செத்தும் போவார்கள். பாலத்துக்கு அடித்தளம் போட, அழுத்தமான காற்று நிரப்பிய இரும்பு அறைக்குள் வேலை பார்த்தவர்களுக்கும் இதே கதி. கோலி சோடாவைத் திறந்ததும் குமிழி பொங்குவது போல, அழுத்தம் திடீரென்று குறைந்ததும் இரத்தத்தில் குமிழி பொங்குகிறது. ஹால்டேன் ஆடுகளை இரும்பு அறையில் வைத்துச் சோதித்தார். எந்த ஆழத்திலிருந்து எத்தனை நிமிடம் தங்கித் தங்கி மேலே வர வேண்டும் என்று கணக்குப் போட்டு 1908-ம் ஆண்டு அட்டவணை வெளியிட்டார். பிரிட்டிஷ் கடற்படை அதைப் பின்பற்றியது.

1915-ம் ஆண்டு ஏப்ரல் 22-ந் தேதி பெல்ஜியத்தில் ஈப்ரு போர் முனையில் ஜெர்மானியர்கள் குளோரின் வாயுவைத் திறந்துவிட்டார்கள். பிரிட்டிஷ் அரசாங்கம் ஹால்டேனை அனுப்பியது. 55 வயதை எட்டிக்கொண்டிருந்த அவர், திரும்பி வந்ததும் அந்த வாயுவையும் சுவாசித்துப் பார்த்து முகமூடிகளைச் சோதித்தார். வாயு தாக்கிய சிப்பாய்களுக்குப் பிராணவாயு கொடுத்துச் சிகிச்சை செய்யும் முறையையும் வகுத்தார்.

அதே மாதங்களில் அவருடைய அண்ணனை ஜெர்மனியின் நண்பர் என்று பத்திரிகைகள் தூற்றின. அண்ணன் பதவியை இழந்தார். தம்பியோ ஜெர்மனியின் விஷக் காற்றால் இருமிக்கொண்டிருந்தார்.

கயிற்றின் மறுமுனை

1912-ம் ஆண்டு டான்காஸ்டர் என்ற ஊரில் சுரங்க ஆராய்ச்சி நிலையம் ஒன்று ஏற்பட்டது. ஹால்டேன் அதன் தலைவர் ஆனார். சுரங்கப் பொறியாளர்களின் சங்கம் ஒரு டாக்டரான அவரைத் தலைவராகத் தேர்ந்தெடுத்தது. 1934-ம் ஆண்டு ராயல் சொசைட்டியின் மிக உயர்ந்த பரிசான காப்ளி பதக்கம் அவருக்குக் கிடைத்தது.

அவர் கண்டறிந்த உண்மைகள் பிற்காலத்தில் பல நாட்டுச் சட்டங்களில் இடம் பெற்றிருக்கின்றன. இந்தியாவின் 1948-ம் ஆண்டு தொழிற்சாலைச் சட்டம், 36-வது பிரிவில் இதைத் தெளிவாக எழுதியது. விஷ வாயு இருக்கக் கூடிய தொட்டி, குழி, குழாய் எதிலும், தகுதி பெற்றவர் சோதித்து எழுத்து மூலம் சான்று தராமல் ஆளை இறக்கக் கூடாது. இல்லாவிட்டால் இறங்குகிறவர் சுவாசக் கருவி அணிந்து, இடுப்பில் பெல்ட் கட்டி, அதோடு பிணைத்த கயிற்றின் மறுமுனையை வெளியே நிற்கும் ஒருவர் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும்.

மேலே நிற்பவர் வேடிக்கை பார்க்க நிற்பவர் அல்ல. உள்ளே இருப்பவர் விழுந்தால் கயிற்றை இழுக்க வேண்டும். கூக்குரல் போட்டு ஆள் சேர்க்க வேண்டும். அவர் இறங்கக் கூடாது. ஈஸ்ட் ஹாமில் அந்தக் கயிற்றைக் கட்டி வைத்திருந்தால் 4 பேர் வீடு திரும்பி இருப்பார்கள். ஒருவேளை 5 பேரும்.

இந்தியாவில் 2013-ம் ஆண்டில் வந்த சட்டம், பாதுகாப்பு இல்லாமல் மனிதரைச் சாக்கடையிலும் செப்டிக் டேங்கிலும் இறக்குவதைக் குற்றம் ஆக்கியது. 1993-ம் ஆண்டு முதல் சாக்கடையில் இறந்த ஒவ்வொருவர் குடும்பத்துக்கும் 10 லட்சம் ரூபாய் கொடுக்க வேண்டும் என்று சுப்ரீம் கோர்ட்டு 2014-ம் ஆண்டு மார்ச் 27-ந் தேதி தீர்ப்பளித்தது. 2023-ம் ஆண்டு அக்டோபர் 20-ந் தேதி அளித்த தீர்ப்பில் அந்தத் தொகையை 30 லட்சமாக உயர்த்தியது. நான்கு வாயுக்களை ஒரே நேரத்தில் அளந்து, ஆபத்து என்றால் அலறும் கருவி சட்டைப் பையில் அடங்கும் அளவுக்கு வந்துவிட்டது. அப்படியும் தந்தையை, அண்ணனைத் தூக்கப் போய்த் தம்பியும் இறந்தான் என்ற செய்தி பத்திரிகைகளில் வந்துகொண்டுதான் இருக்கிறது.

கடைசிப் பயணம்

75 வயதிலும் ஹால்டேன் சும்மா இருக்கவில்லை. பாரசீகத்துக்குப் போனார். அங்கே எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைத் தொழிலாளர்கள் வெயிலின் கொடுமையால் சுருண்டு விழுந்துகொண்டிருந்தார்கள். அதை ஆராய்ந்துவிட்டு ஊர் திரும்பியவர் நிமோனியா காய்ச்சலில் படுத்தார். 1936-ம் ஆண்டு மார்ச் 14-ந் தேதி நள்ளிரவில் ஆக்ஸ்போர்டில் காலமானார்.

சுரங்கத்தில் ஆன்டனியின் பேச்சை ஒப்பித்து விழுந்த மகன் ஜாக்தான், ஜே.பி.எஸ். ஹால்டேன் என்று உலகப் புகழ் பெற்ற விஞ்ஞானி. 1939-ம் ஆண்டு ஜுன் 1-ந் தேதி தெட்டிஸ் என்ற நீர்மூழ்கிக் கப்பல் சோதனை ஓட்டத்தில் மூழ்கி 99 பேர் இறந்தபோது, அவர்களில் கப்பல் கட்டும் தொழிலாளிகளும் இருந்தார்கள். தொழிற்சங்கங்கள் கேட்டுக்கொண்டதன் பேரில் அந்த மகன் வேறு 4 பேரைச் சேர்த்துக்கொண்டு, காற்றுப் புகாத இரும்பு அறைக்குள் சுமார் 14 மணி நேரம் அடைந்து கிடந்தார். உள்ளே இருந்தவர்களுக்கு என்ன நேர்ந்திருக்கும் என்று தந்தை வழியிலேயே கண்டறிந்து சொன்னார்.

1957-ம் ஆண்டு அவர் இந்தியாவுக்கு வந்துவிட்டார். முதலில் கல்கத்தாவில் வேலை பார்த்தார். இந்தியக் குடிமகன் ஆனார். 1964-ம் ஆண்டு டிசம்பர் 1-ந் தேதி ஒரிசாவின் புவனேசுவரத்தில் இறந்தார். அவருடைய விருப்பப்படி அவர் உடல், மாணவர்கள் அறுத்துப் படிப்பதற்காக ஆந்திராவில் உள்ள காக்கிநாடா மருத்துவக் கல்லூரிக்குக் கொடுக்கப்பட்டது.